பழைய மரவீட்டுச் சுவர்: பலம் எங்கே இருக்கிறது?

பழைய மரவீட்டின் சுவரைப் பலப்படுத்த வேண்டும் என்று பேச்செடுத்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "சட்டமெல்லாம் மெலிசா இருக்கு, தடியா மாத்துங்க" என்பார் ஒருவர். "ஆணி துருப்பிடிச்சிருக்கும், எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஸ்க்ரூ போடுங்க" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "அந்தக் காலத்து மரம் இரும்பு மாதிரி. எண்பது வருஷம் நின்னிருக்கு, இனிமேலா விழப்போகுது?" என்று பேச்சை முடித்துவிடுவார்.

மூவரும் மரத்தையே பார்க்கிறார்கள். ஆனால் நிலநடுக்கத்திலும் புயலிலும் இடிந்த மரவீடுகளை ஆராய்ந்த பொறியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது வேறு. மரம் பல இடங்களில் முழுசாகத்தான் கிடக்கிறது. மரமும் மரமும் சேர்ந்த இடம், மரமும் அஸ்திவாரமும் சேர்ந்த இடம், இவைதான் விட்டுப்போயிருக்கின்றன. சுவரைப் பலப்படுத்துவது என்றால் முதன்மையாக இந்தப் பிணைப்புகளைப் பலப்படுத்துவதுதான். இது பிடிபட்டுவிட்டால், எந்த வேலைக்குச் செலவழிக்கலாம், எது வீண் என்று நாமே ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும்.

## சுவருக்குள் என்ன இருக்கிறது?

மரச்சட்டக வீட்டின் சுவரில் பலகையையோ பூச்சையோ உரித்துப் பார்த்தால், உள்ளே வரிசையாக ஒல்லியான சட்டங்கள் நிற்கும். இவை செங்குத்துச் சட்டங்கள். வழக்கமாக ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 16 அங்குல இடைவெளி. சில வீடுகளில் 24 அங்குலம். அவற்றின் காலடியில் படுக்கையாக ஓடுவது அடிச்சட்டம். தலைமேல் படுக்கையாக ஓடுவது தலைச்சட்டம். அடிச்சட்டம் அஸ்திவாரத்தின் மேலோ தரையின் மேலோ உட்கார்ந்திருக்கும்.

1830-களில் சிகாகோவில் பரவத் தொடங்கிய கட்டுமுறை ஒன்று உண்டு. பலூன் சட்டகம் என்று பெயர். அதில் செங்குத்துச் சட்டங்கள் அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை, இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே நீளமாகப் போகும். பின்னால் வந்த முறையில் ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாகச் சட்டகம் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினார்கள். உங்கள் வீடு எது என்று தெரிந்துகொள்வது அவசியம். பலூன் சட்டகத்தில் சட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் கீழிருந்து மேல்வரை புகைபோக்கி மாதிரி திறந்து கிடக்கும். தீ பிடித்தால் நேராகக் கூரைக்கு ஏறிவிடும். எப்படியும் சுவரைத் திறக்கப்போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு மாடித் தரை மட்டத்திலும் அந்த இடைவெளிகளில் மரக்கட்டை வைத்து அடைத்துவிடுங்கள். கூடுதல் செலவு சொற்பம்.

சரி, இந்த ஒல்லிச் சட்டங்கள் வீட்டின் எடையைத் தாங்குமா? தாராளமாகத் தாங்கும். மரம் தன் நார் ஓடும் திசையில் அழுத்தத்தை அருமையாகத் தாங்கும். மேலிருந்து வரும் எடை அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை பக்கவாட்டிலிருந்து வருகிறது. காற்று தள்ளுவது பக்கவாட்டில். நிலநடுக்கம் உலுக்குவதும் பெரும்பாலும் பக்கவாட்டில்.

## ஒரு தீப்பெட்டி போதும்

தீப்பெட்டி ஒன்றை எடுத்து, குச்சிகள் இருக்கும் உள்தட்டை வெளியே இழுத்துவிடுங்கள். கையில் இருப்பது இரண்டு பக்கமும் திறந்த வெறும் கூடு. அதை மேசைமேல் வைத்து மேலே விரலால் நேர்கீழாக அழுத்துங்கள். ஓரளவு தாங்கும். இப்போது அதே விரலால் மேல்விளிம்பைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். ஊதினாலே போதும் என்கிற மாதிரி சட்டென்று கோணிக்கொண்டு படுத்துவிடும்.

கவனித்துப் பாருங்கள்: அட்டை எங்கேயும் கிழியவில்லை, ஒடியவில்லை. நான்கு பக்கங்களின் நீளமும் மாறவில்லை. மூலைகள் மட்டும் மடங்கியிருக்கின்றன. செவ்வகம் இணைகரமாகிவிட்டது. இதைத்தான் இந்தக் கட்டுரையில் கோணுதல் என்று சொல்லப்போகிறேன்.

இப்போது கூட்டை நிமிர்த்தி உள்தட்டை மறுபடி செருகித் தள்ளிப் பாருங்கள். அசையாது. அட்டையின் தடிமனை நாம் கூட்டவில்லை. செவ்வகத்துக்குள் கோணாத ஒரு முழுத்தட்டு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

செங்குத்துச் சட்டம், அடிச்சட்டம், தலைச்சட்டம் மட்டும் உள்ள சுவர் அந்த வெறும் கூடு. சட்டங்களை இரண்டு மடங்கு தடியாக மாற்றினாலும் மூலைகளில் இரண்டு மூன்று ஆணிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் அது தடியான அட்டையில் செய்த வெறும் கூடு. முதலாமவரின் யோசனை இங்கேதான் அடிபட்டுப் போகிறது.

## கோணாமல் தடுக்க இரண்டு வழி

முக்கோணம் கோணாது. மூன்று குச்சிகளை முனைகளில் கட்டினால், குச்சி ஒடிந்தாலோ கட்டு அவிழ்ந்தாலோ ஒழிய அதன் வடிவம் மாறாது. அதனால் செவ்வகத்துக்குக் குறுக்காக மூலைக்கு மூலை ஒரு சட்டம் அடித்தால் அது இரண்டு முக்கோணமாகிவிடும். பழைய வீடுகள் பலவற்றில் இந்தக் குறுக்குச்சட்டம் ஏற்கெனவே இருக்கும்; செங்குத்துச் சட்டங்களில் பள்ளம் செதுக்கி, ஏறத்தாழ 45 பாகையில் பதித்திருப்பார்கள்.

குறுக்குச்சட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. முழு விசையும் அதன் இரண்டு முனைகளில் குவிகிறது. சுவரை ஒரு பக்கம் தள்ளும்போது அது அழுந்தும். மறுபக்கம் தள்ளும்போது இழுபடும். இழுபடும்போது முனையில் இருக்கும் இரண்டு மூன்று ஆணிகள்தான் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். அவை உருவிக்கொண்டால் குறுக்குச்சட்டம் இருந்தும் பயனில்லை.

இரண்டாவது வழி தீப்பெட்டியின் உள்தட்டு: சட்டகத்தின் மேல் ஒரு முழுத்தட்டை அறைந்துவிடுவது. இன்று அதற்குப் பெரும்பாலும் பிளைவுட்டையோ மரச்சீவல்களை ஒட்டிச் செய்த பலகையையோ பயன்படுத்துகிறார்கள். இப்படித் தட்டு அறைந்து, பக்கவாட்டு விசையைத் தாங்குவதற்கென்றே தயார் செய்த சுவருக்கு ஷியர் சுவர் என்று பெயர். இதில் விசை இரண்டு முனைகளில் குவியாமல் நூற்றுக்கணக்கான ஆணிகளுக்குப் பிரிந்துபோகிறது.

"எங்க வீட்டுச் சுவர்லயும்தான் வெளிப்பக்கம் பலகை அடிச்சிருக்கே" என்று கேட்கலாம். அது எப்படி அடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். படுக்கைவாட்டில் அடித்த பலகைகள் ஒன்றன் மேல் ஒன்று நழுவிக்கொடுக்கும். கோணுதலுக்கு எதிராக அவை தரும் பலம் மிகக் குறைவு. அதே பலகைகளைச் சாய்வாக, குறுக்காக அடித்திருந்தால் ஒவ்வொரு பலகையும் ஒரு குறுக்குச்சட்டமாக வேலை செய்யும். சுவர் பல மடங்கு விறைப்பாக இருக்கும். சாய்வுப் பலகை அடித்த வீடு உங்களுடையது என்றால், கட்டியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அதைப் பிய்த்தெறிய அவசரப்படாதீர்கள்.

இதுவரை சொன்னதன் சாரம் இது. வீட்டின் எடையைச் சட்டங்கள் தாங்கிவிடும். பக்கவாட்டுத் தள்ளலில் சட்டகம் கோணும். அதைத் தடுப்பது குறுக்குச்சட்டம் அல்லது ஆணியறைந்த முழுத்தட்டு.

## ஆணிதான் சுவர்

ஷியர் சுவரின் பலம் பிளைவுட்டின் தடிமனைவிட, அதைப் பிடித்திருக்கும் ஆணிகளைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பழைய வீட்டு வேலைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

சட்டகம் கோணப் பார்க்கிறது. மேலே அறைந்த தட்டு செவ்வகமாகவே இருக்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏற்படும் இழுபறி தட்டின் ஓரங்களில்தான் அதிகம், நடுவில் குறைவு. அதனால்தான் தட்டின் நான்கு ஓரங்களிலும் ஆணிகளை நெருக்கமாக அடிக்கிறார்கள்: 6 அங்குலத்துக்கு ஒன்று, பலம் கூடுதலாகத் தேவைப்பட்டால் 4 அல்லது 3 அங்குலத்துக்கு ஒன்று. நடுவில் 12 அங்குலத்துக்கு ஒன்று போதும்.

ஓர ஆணி இறங்குவதற்கு உள்ளே மரம் இருக்க வேண்டும். இரண்டு தட்டுகள் படுக்கைவாட்டில் சேரும் கோட்டில், செங்குத்துச் சட்டங்களுக்கு நடுவே வெற்றிடம்தான் இருக்கும். அங்கே சட்டத்துக்குச் சட்டம் இடைக்கட்டை பொருத்தி, அதில் ஆணி அடிக்க வேண்டும். வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைப்பவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்த இடைக்கட்டையைத்தான்.

அடுத்தது ஆணியின் தலை. பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டியது. ஆணித்தலை மேல்தாளோடு மட்டமாக, விரலால் தடவினால் தட்டுப்படாத அளவில் நிற்க வேண்டும். ஆணித் துப்பாக்கியில் காற்றழுத்தம் கூடுதலாக இருந்தால் தலை மேல்தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே புதைந்துவிடும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஆணியும் ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், குழியின் விளிம்பில் நார் பிசிறிட்டிருக்கும். தூரத்திலிருந்து பார்க்க அழகாக, இறுக்கமாகத் தெரியும். ஆனால் ஆணித்தலைக்குக் கீழே மிஞ்சியிருப்பது பாதித் தடிமன்தான். உலுக்கல் வந்தால் தட்டு ஆணித்தலையைத் தாண்டிப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கடைசியில் கொஞ்சம் வெளியே நிற்கும்படி துப்பாக்கியைச் சரிசெய்து, மிச்சத்தைச் சுத்தியலால் தட்டி முடிப்பது நல்லது.

தட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஆணி இருக்க வேண்டும். அதற்கும் வெளியே போனால் விளிம்பு பிளந்துவிடும். பழைய மரம் நன்றாகக் காய்ந்து இறுகிப்போயிருக்கும். ஆணி அடித்தால் சட்டமே பிளக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஆணியைவிடச் சிறிய துளையை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த ஸ்க்ரூ யோசனை. ஸ்க்ரூ உருவிக்கொண்டு வராது, உண்மைதான். ஆனால் ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ கடினமானது, நொறுங்கும் தன்மையுள்ளது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் பலமுறை வளைந்துகொடுக்கும். சாக்பீஸை வளைத்தால் பட்டென்று ஒடியும். நிலநடுக்கம் சுவரை ஒருமுறை தள்ளிவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. முன்னும் பின்னும் பல தடவை இழுத்தடிக்கிறது. ஆணி வளைந்து வளைந்து அந்த ஆற்றலைத் தின்றுவிடும். இப்படி உடையாமல் வளைந்து கொடுக்கும் குணத்துக்கு நெகிழ்திறன் என்று பெயர். கட்டமைப்பு வேலைக்கென்றே சோதித்துத் தயாரித்த ஸ்க்ரூக்களும் உண்டு. அவற்றைப் பொறியாளர் குறிப்பிட்டுச் சொன்னால் தாராளமாகப் போடலாம். கைக்குக் கிடைத்த ஸ்க்ரூவைப் போடுவதுதான் ஆபத்து.

## வழுக்குதல்: சுவர் நின்றது, வீடு நகர்ந்தது

சரி, சுவர் இனிக் கோணாது. அப்போது தள்ளுகிற விசை எங்கே போகும்? கீழே இறங்கி, அடிச்சட்டத்தை அஸ்திவாரத்தின் மேல் வழுக்கப் பார்க்கும்.

பழைய வீடுகள் பலவற்றில் அடிச்சட்டம் அஸ்திவாரத்தின் மேல் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. வீட்டின் எடை அதை அழுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதற்குத் தீர்வு ஆங்கர் போல்ட்: அடிச்சட்டத்தைத் துளைத்து, கான்கிரீட்டுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் தடித்த இரும்பு போல்ட். பழைய அஸ்திவாரத்தில் துளையிட்டு, தூசியைச் சுத்தமாக ஊதி வெளியேற்றிவிட்டு, எபாக்சி பசை நிரப்பிப் பதிப்பார்கள், அல்லது உள்ளே விரிந்து பிடிக்கும் வகையைப் போடுவார்கள். துளைக்குள் தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. நட்டுக்கு அடியில் சின்ன வட்ட வாஷர் போதாது. 3 அங்குலச் சதுரத் தகடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிச்சட்டம் நார்வாக்கில் பிளந்துவிடும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது குட்டைச் சுவர். சில வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் முதல் தரைக்கும் நடுவே, ஆள் தவழ்ந்து போகிற அளவு உயரத்தில் ஒரு சின்னச் சட்டகச் சுவர் இருக்கும். யாரும் வசிக்காத இடம் என்பதால் உள்பக்கம் பூச்சுகூட இருக்காது. முழு வீட்டையும் சுமந்துகொண்டு நிற்கும் இந்தச் சுவர்தான் எல்லாவற்றிலும் மெலிந்தது. 1989 லோமா பிரியெட்டா நிலநடுக்கத்திலும் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்திலும் கலிபோர்னியாவின் பழைய வீடுகள் பல இப்படித்தான் சேதமாயின. குட்டைச் சுவர் கோணிப் படுத்துக்கொள்ள, மேலே இருந்த வீடு அப்படியே அஸ்திவாரத்தை விட்டுக் கீழே உட்கார்ந்தது. அங்கே 1980-க்கு முன் கட்டிய இத்தகைய வீடுகளுக்கு போல்ட் போட்டுக் குட்டைச் சுவருக்குத் தட்டு அடிக்க உதவித்தொகைத் திட்டமே நடக்கிறது.

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், குட்டைச் சுவர் உள்ள வீட்டுக்கு நான் இதையே சொல்வேன். மேல்மாடிச் சுவர்களைத் தொடும் முன் கீழே தவழ்ந்து போய், போல்டும் பிளைவுட்டும் போட்டுவிடுங்கள். தட்டு அடிக்கும்போது ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று காற்றுத்துளை விட மறக்காதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டால், பலப்படுத்திய சுவரை நாமே அழுகவைத்ததாகிவிடும்.

## கவிழ்தல்: பீரோவைத் தள்ளிப் பாருங்கள்

உயரமான ஒடுக்கமான பீரோவை மேல்விளிம்பில் பிடித்துத் தள்ளினால், அது கோணாது, வழுக்காது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கவிழப் பார்க்கும். விறைப்பாகிவிட்ட சுவரும் அப்படித்தான்.

ஒரு எளிய கணக்கு. சுவர்த்துண்டின் உயரம் 8 அடி, நீளம் 4 அடி. மேலே பக்கவாட்டில் 500 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளுகிறது. சுவரின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிட்டால், ஒரு முனையை மேலே தூக்கும் விசை 500-ஐ 8-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தது: 1000 கிலோ. அதே சுவர்த்துண்டு 8 அடி நீளம் என்றால் 500 கிலோதான். ஒடுக்கமான சுவர்த்துண்டு எவ்வளவு அதிகமாகத் தூக்கும் என்பது இதிலிருந்து தெரியும். நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரமான துண்டை முழுப் பலமுள்ளதாகப் பொறியாளர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே இருக்கும் ஓரடித் துண்டில் எத்தனை ஆணி அடித்தாலும் பெரிதாகப் பலனில்லை என்பதன் காரணமும் இதுவே.

இந்தத் தூக்கலைப் பிடித்து வைப்பது ஹோல்ட்-டவுன்: சுவர்த்துண்டின் முனையில் இருக்கும் செங்குத்துச் சட்டத்தைப் பக்கவாட்டில் பிடித்து, அதை அஸ்திவாரத்தோடு கம்பியால் கட்டிவைக்கும் இரும்புப் பொருத்தி. ஆங்கர் போல்ட் வழுக்குதலுக்கு, ஹோல்ட்-டவுன் தூக்கலுக்கு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கக்கூடாது. எந்த முனையில் எவ்வளவு பலமானது வேண்டும் என்பது கணக்குப் போட்டுத்தான் தெரியும். அந்தக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

சுவர் தோற்கும் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம்: கோணும், வழுக்கும், கவிழும். தட்டும் ஆணியும் முதலாவதற்கு. ஆங்கர் போல்ட் இரண்டாவதற்கு. ஹோல்ட்-டவுன் மூன்றாவதற்கு.

## கயிறும் முடிச்சும்

கிணற்றில் வாளி இறக்கும்போது, புதுக் கயிறு போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. வாளியின் கைப்பிடி, அதில் போட்ட முடிச்சு, உருளை, எல்லாமே பிடிக்க வேண்டும். வீட்டிலும் விசை கூரையிலிருந்து தலைச்சட்டத்துக்கு, அங்கிருந்து சுவருக்கு, மாடித் தரைக்கு, கீழ்ச்சுவருக்கு, அடிச்சட்டத்துக்கு, அஸ்திவாரத்துக்கு, கடைசியில் மண்ணுக்கு இறங்குகிறது. இந்தத் தொடருக்குச் சுமைப்பாதை என்று பெயர். ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் மற்றவை எவ்வளவு இறுக்கமாக இருந்தும் உபயோகமில்லை.

காற்று அதிகமான இடங்களில் பலவீனமான முடிச்சு கூரையும் சுவரும் சேருமிடம். பழைய வீடுகளில் கைமரத்தைத் தலைச்சட்டத்தோடு சாய்வாக அடித்த இரண்டு மூன்று ஆணிகளே பிடித்திருக்கும். கூரையின் எடை கீழே அழுத்தும்வரை அது போதும். புயல்காற்று கூரையை மேலே உறிஞ்சும்போது அந்த ஆணிகள் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு கைமரத்தையும் சுவரோடு கட்டும் வளைந்த இரும்புப் பட்டை இதற்குத் தீர்வு. 1992-இல் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பிறகு பிய்ந்துபோன கூரைகளை ஆராய்ந்தபோது, பல இடங்களில் கூரைத் தட்டை அறைந்த ஆணியும் ஸ்டேபிளும் கைமரத்தில் இறங்காமல் அதன் பக்கத்தில் போயிருந்தது தெரிந்தது. எண்ணிக்கைக்கு ஆணி இருந்தது, பிடிப்பு இல்லை.

## முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்க்ரூடிரைவர்

இவ்வளவு சொன்ன பிறகு, வேலையைத் தொடங்கும்போது இதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு அடிச்சட்டத்தைப் பார்க்கப் போக வேண்டும். மக்கிப்போன மரத்தில் ஆணி நிற்காது.

முனையை மரத்தில் வைத்து அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும்; ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் அதிகம். நெம்பினால் நீளமான சிராய் கிளம்பும். மக்கிய மரத்தில் முனை ரொட்டிக்குள் போவது மாதிரி போகும். நெம்பினால் கட்டங்கட்டமாக உதிரும், சத்தமே வராது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், தட்டினால் டொப்பென்று கேட்கும். கரையான் தின்ற சட்டமும் இப்படி வெளித்தோல் மட்டும் மிஞ்சி நிற்கும். அதிகம் மாட்டும் இடங்கள்: குளியலறைச் சுவரின் அடி, ஜன்னல்களின் கீழ்மூலை, கூரைத் தண்ணீர் விழும் மூலை, வெளியே மண் அடிச்சட்டத்தைத் தொடும் இடம்.

உலர் அழுகல் என்று ஒரு பெயர் புழக்கத்தில் இருப்பதால், காய்ந்த மரமும் தானாக அழுகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு ஈரம் கட்டாயம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. ஆகவே தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் சட்டத்தை மட்டும் மாற்றினால் சில வருடங்களில் புதுச் சட்டமும் போய்விடும். குழாய்க் கசிவு, கூரை ஒழுகல், உயர்ந்துபோன மண்மட்டம், இவை முதலில்.

கெட்டுப்போன செங்குத்துச் சட்டத்தை எப்போதும் பிடுங்கத் தேவையில்லை. பக்கத்திலேயே புதுச் சட்டம் ஒன்றை ஒட்டவைத்து இரண்டையும் பிணைக்கலாம். இதை ஜோடிச் சட்டம் எனலாம். புதுச் சட்டம் அடிச்சட்டத்திலிருந்து தலைச்சட்டம் வரை முழு நீளத்துக்கு இருக்க வேண்டும், இரண்டு முனையும் இறுக்கமாகத் தொட வேண்டும். கீழே அரை அங்குலம் இடைவெளி விட்டு அந்தரத்தில் நிற்கும் ஜோடிச் சட்டத்தின் வழியாக எடை நேராகக் கீழே இறங்காது. பிணைத்த ஆணிகள்தான் அதைச் சுமந்துகொண்டிருக்கும்.

குழாயும் ஒயரும் கொண்டுபோக வெட்டிய சட்டங்களையும் பாருங்கள். எடை தாங்கும் சுவரில் சட்டத்தின் அகலத்தில் கால் பங்குக்கு மேல் வெட்டுப்பள்ளம் கூடாது, துளை என்றால் 40 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது அமெரிக்க வீட்டுக் கட்டட விதி. பழைய வீடுகளில் குழாய் வேலைக்காரர் சட்டத்தைப் பாதிக்கு மேல் தின்றுவைத்திருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

அடிச்சட்டத்தை மாற்றுவது மட்டும் தனி வேலை. மேலே இருக்கும் எடையைத் தற்காலிக முட்டுகளில் ஏற்றிய பிறகுதான் பழையதை அறுக்க வேண்டும், அதுவும் சில அடி சில அடியாக. இறங்கிப்போன மூலையை ஜாக்கியால் தூக்கினால் நாளுக்குச் சில மில்லிமீட்டர் போதும். பல வருடங்களாக இறங்கிய வீட்டை ஒரே மதியத்தில் தூக்கினால் பூச்சும் கண்ணாடியும் பிளக்கும். சுவரைச் சுரண்டும் முன் பெயின்டையும் யோசியுங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 1978-இல்தான் தடை வந்தது. அதற்கு முந்தைய வீடு என்றால் தூசியைச் சுவாசிக்காமல், குழந்தைகளை அண்டவிடாமல் வேலை செய்ய வேண்டும்.

## ஒரு பக்கம் மட்டும் பலப்படுத்தினால்

நான்கு சுவர்களில் மூன்று விறைப்பு, தெருப்பக்கச் சுவர் முழுக்கக் கதவும் ஜன்னலும். இப்படிப்பட்ட வீட்டை உலுக்கினால் அது நேராக ஆடாது. விறைப்பான பக்கத்தை அச்சாகக் கொண்டு முறுக்கும். வேலை செய்ய வசதியாக இருக்கிறது என்று பின்சுவரை மட்டும் பலப்படுத்தினால் முறுக்கல் கூடும். திறந்து கிடக்கும் பக்கத்துக்குத்தான் முதல் கவனம். கனமான கூரையும் இதே கணக்கில் சேரும். நிலநடுக்க விசை எடையோடு சேர்ந்து கூடுவதால், கனத்த ஓட்டுக்குப் பதில் இலேசான கூரை போடுவது சுவரைத் தொடாமலேயே சுவருக்குச் செய்யும் உதவி.

1995 ஜனவரி 17 அன்று கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இடிந்த வீடுகள்தான், அதிலும் கனத்த கூரையும் போதாத சுவர்களும் கொண்ட பழைய மரவீடுகள். 1981-இல் வந்த கடுமையான விதிகளுக்குப் பிறகு கட்டிய வீடுகள் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. அந்த அனுபவத்துக்குப் பின் 2000-இல் ஜப்பான் மரவீட்டு விதிகளைத் திருத்தியபோது சேர்த்த இரண்டு விஷயங்கள் நாம் இதுவரை பேசியவைதான்: தூண்களின் முனைகளில் இரும்புப் பொருத்திகள், வீட்டின் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிய சுவர்கள்.

கோபே இருக்கும் ஹியோகோ மாகாணத்திலேயே, மிகி என்ற ஊரில், முழு வீட்டையும் ஏற்றி ஆட்டக்கூடிய ஒரு பிரம்மாண்டமான அதிர்வு மேடை 2005-இல் செயல்படத் தொடங்கியது. இ-டிஃபென்ஸ் என்று பெயர். ஒரே மாதிரியான இரண்டு பழைய மரவீடுகளை அதில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒன்றை அப்படியே விட்டார்கள், மற்றதைப் பலப்படுத்தினார்கள். கோபேயில் பதிவான அதே அசைவைக் கொடுத்தபோது முதல் வீட்டின் கீழ்மாடி கோணிச் சரிந்து மடங்கியது. பக்கத்து வீடு ஆடியது, நின்றது.

## சுவரை மூடுவதற்கு முன்

தட்டு அறைந்து முடித்ததும் உடனே பெயின்ட்டுக்கும் பூச்சுக்கும் ஆள் கூப்பிடாதீர்கள். சுவர்த்துண்டு ஒவ்வொன்றையும் அளவுகோலோடு சேர்த்துப் புகைப்படம் எடுங்கள்: ஓர ஆணிகளின் இடைவெளி, இடைக்கட்டைகள் ஓடும் கோடு, ஆங்கர் போல்ட் இருக்கும் இடங்கள், ஹோல்ட்-டவுன். மூடிவிட்ட பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அந்தப் படங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அடுத்து ஜன்னல் வைக்கவோ குழாய் இழுக்கவோ சுவரை வெட்டப்போகிறவருக்கு அவற்றைக் காட்ட வேண்டியிருக்கும்.

ஹோல்ட்-டவுன் இருக்கும் இடத்தில் கை நுழைகிற அளவு ஒரு சின்ன மூடியை விட்டுவையுங்கள். புது மரம் காயக் காயச் சுருங்கும். இறுக்கிய நட்டு தளர்ந்துவிடும். ஒரு வருடம் கழித்து மூடியைத் திறந்து ஸ்பேனரைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கால் சுற்றோ அரைச் சுற்றோ திரும்பும்.